கடைசி ஊசி எத்தனை மணிக்கு?

என்னிடம் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு இருக்கிறது. அதில் 417 வரிகள். பெரும்பாலான வரிகளில் மூன்று விவரங்கள்: தேதி, மணி, வலதா இடதா. ரத்தம் உறைந்து கட்டியாகாமல் தடுக்க என் வயிற்றில் போட்டுக்கொண்ட எனாக்ஸாபாரின் ஊசிகளின் கணக்கு அது. இந்த மருந்தை முதல் தடவை கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பெட்டியைத் திறக்கவே பயந்து உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். அன்றைக்கு நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

கர்ப்பமாகி 14-ஆவது வாரம். இடது கெண்டைக்காலில் ஒரு வலி. தசை பிடித்துக்கொண்டது என்று நினைத்து இரண்டு நாள் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் இடது கால் வலது காலைவிட நன்றாகவே பருத்திருந்தது. தொட்டால் சூடு. அம்மா எண்ணெய் எடுத்துக்கொண்டு வந்து, "நீட்டு, தேய்ச்சு விடறேன், சரியாயிடும்" என்றார். நல்லவேளை, அந்த நேரம் பார்த்து எனக்கு வாந்தி வந்தது, தேய்க்கவில்லை. ரத்தம் உறைந்திருக்கும் காலை அழுத்தித் தேய்க்கக் கூடாது என்று அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது. உறைந்த துண்டு பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து.

ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். தொடை வரைக்கும் ஆழமான சிரையில் ரத்தம் உறைந்திருந்தது. கர்ப்பத்தில் இது பெரும்பாலும் இடது காலில்தான் வருமாம். இடுப்புக்குள் வலது பக்கத் தமனி இடது பக்கச் சிரையின் மேல் குறுக்கே போகிறது. அந்த இடத்தில் ஏற்கனவே கொஞ்சம் நெருக்கடி, அதோடு கருப்பையும் வளர்ந்து அழுத்தினால் ரத்த ஓட்டம் மந்தமாகிவிடும். போதாததற்கு, பிரசவத்தில் அதிக ரத்தம் போய்விடாமல் இருக்க, கர்ப்பிணியின் ரத்தம் மற்றவர்களைவிட எளிதாக உறையும்படி உடம்பே மாறிக்கொள்கிறது. நான் செய்த தப்பு எதுவும் இல்லை என்று மருத்துவர் மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறைதான் காதில் விழுந்தது.

எனக்கு எழுதித் தந்தது எனாக்ஸாபாரின் 60 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று. அப்போது என் எடை 62 கிலோ. ரத்தக் கட்டி வந்தபின் கொடுக்கும் சிகிச்சைக்கு, கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என்று 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை போடுவது வழக்கமான கணக்கு. அறுவை சிகிச்சைக்குப் பின் கட்டி வராமல் தடுக்கப் போடுபவர்களுக்கு அளவு குறைவு, பெரும்பாலும் நாளுக்கு ஒரு 40 மில்லிகிராம். அதனால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் அளவையும் உங்கள் அளவையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். எதற்காகப் போடுகிறார்கள், உங்கள் எடை என்ன, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும். இந்த மருந்து உடம்பைவிட்டு வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. சிறுநீரகம் மிகவும் பலவீனமாக இருந்தால் மருந்து உள்ளேயே தேங்கும், ரத்தப்போக்கு அபாயம் கூடும். அதனால்தான் ஊசியைத் தொடங்குமுன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்க்கிறார்கள். உங்களுக்குப் பார்க்கவில்லை என்றால் கேளுங்கள்.

மாத்திரையாகத் தரக் கூடாதா என்று கேட்டேன். அழாத குறையாகக் கேட்டேன். வார்ஃபரின் மாத்திரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போய்விடும், கரு உருவாகும் மாதங்களில் அது குழந்தையின் எலும்பையும் மூக்கையும் பாதிக்கலாம். புதிதாக வந்திருக்கும் மாத்திரைகளையும் கர்ப்பத்தில் கொடுப்பதில்லை. எனாக்ஸாபாரின் மூலக்கூறு பெரியது, நஞ்சுக்கொடியைத் தாண்டாது. "இந்த ஊசி உங்களுக்கு மட்டும்தான், குழந்தைக்குத் தெரியவே தெரியாது" என்று மருத்துவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் முதல் வாரத்தைக் கடந்தேன்.

இன்னொன்றையும் அன்றே தெளிவாகச் சொன்னார். இந்த ஊசி கட்டியைக் கரைக்காது. நான் ரொம்ப நாள் கரைக்கும் என்று நம்பியிருப்பேன், அவர் சொல்லாமல் இருந்திருந்தால். நம் ரத்தத்தில் ஆன்டித்ராம்பின் என்று ஒரு புரதம் இருக்கிறது, ரத்தம் தேவையில்லாமல் உறைவதைத் தடுப்பது அதன் வேலை. எனாக்ஸாபாரின் அதைப் பிடித்துக்கொண்டு அதன் வேகத்தைப் பல மடங்கு கூட்டுகிறது. உறைதலுக்குத் தேவையான பத்தாம் காரணி அதில் அடங்கிப் போகிறது. கட்டி மேலும் வளராது, புதிதாக வராது. இருக்கும் கட்டியை உடம்புதான் மெதுவாக, வாரக்கணக்கில் கரைத்துக்கொள்ளும். ஊசி போட்ட மறுநாளே கால் வற்றவில்லை என்று பதறாமல் இருக்க இது தெரிந்திருப்பது எவ்வளவு முக்கியம் என்று எனக்குத்தான் தெரியும்.

சரி, ஊசிக்கு வருகிறேன்.

மருந்து நிரப்பியே சிரிஞ்சு வரும். ஊசியின் நீளம் அரை அங்குலம்தான். வளர்கிற வயிற்றில் குத்தினால் குழந்தைமேல் பட்டுவிடுமோ என்ற பயம் எல்லா அம்மாக்களுக்கும் வரும், எனக்கும் வந்தது. மருந்து போவது தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்பில். அதற்கும் கீழே தசை, அதற்கும் கீழே கருப்பை, அதற்குள் தண்ணீர், அப்புறம்தான் குழந்தை. கருப்பைப் பக்கமே அந்த ஊசி எட்டாது. தசையில் இந்த மருந்தைப் போடவே கூடாது, உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும்.

ஒரு நர்ஸ் எனக்குக் கற்றுக்கொடுத்தார். உட்கார்ந்தோ சாய்ந்து படுத்தோ போட்டுக்கொள்ள வேண்டும். தொப்புளிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, பக்கவாட்டில், தழும்போ கன்றிய இடமோ இல்லாத ஓர் இடம். தோலை இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்து மடிப்பாக்கி, ஊசியை நேராக, சாய்க்காமல், முழுதாக உள்ளே விட வேண்டும். மருந்து முழுக்க இறங்கி, ஊசியை வெளியே எடுக்கும் வரை அந்த மடிப்பை விடக் கூடாது. நான் முதல் நாள் பயத்தில் பாதியிலேயே விட்டுவிட்டேன். மறுநாள் அந்த இடம் உள்ளங்கை அளவுக்கு நீலமாகக் கன்றியது.

சிரிஞ்சுக்குள் ஒரு காற்றுக் குமிழி இருக்கும். சினிமாவில் பார்த்துப் பழகிய நமக்கு அதைத் தட்டி வெளியேற்றத்தான் கை போகும். இதில் அதைச் செய்யக் கூடாது. சிரிஞ்சில் இருக்கும் அளவு முழுவதும் உங்களுக்கானது என்றால் குமிழியை அப்படியே விட வேண்டும். அது கடைசியில் இறங்கி, மருந்து முழுவதையும் உள்ளே தள்ளிவிடும். குமிழியை வெளியேற்றப் போனால் கொஞ்சம் மருந்தும் சேர்ந்து போய்விடும். தோலுக்குக் கீழே போகும் அந்தச் சின்னக் காற்று ஒன்றும் செய்யாது. ஊசி முனையில் ஒரு சொட்டு மருந்து நின்றால் மட்டும், ஊசியைக் கீழ்நோக்கிப் பிடித்து சிரிஞ்சைத் தட்டி உதிர்த்துவிடலாம். முனையில் மருந்தோடு குத்தினால் எரிச்சலும் கன்றலும் அதிகம்.

போட்டு முடித்ததும் தேய்க்கக் கூடாது. இதைப் பழகத்தான் எனக்கு ரொம்ப நாள் ஆனது. வலித்தால் கை தானாகவே தேய்க்கப் போகிறதே! பஞ்சை வைத்து லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டால் போதும். எரிச்சல் சில நிமிடம் இருக்கும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஆங்காங்கே நீலமும் பச்சையும் மஞ்சளுமாகக் கன்றல் வரத்தான் செய்யும், அது வழக்கமானது. சில இடங்களில் தோலுக்கடியில் சின்ன உருண்டைகள் தட்டுப்படும், அவையும் நாளடைவில் போய்விடும். ஆனால் போட்ட இடத்தில் தோல் கறுத்துப் போவது, சிவந்து பரவுவது, அரிப்போடு தடித்துக்கொள்வது இவையெல்லாம் வந்தால் உடனே காட்ட வேண்டும்.

பயன்படுத்திய ஊசியைக் குப்பையில் போடாதீர்கள். கெட்டியான, மூடியுள்ள, ஊசி துளைக்க முடியாத டப்பா ஒன்று வேண்டும். அந்தக் குப்பையை அள்ளுபவரின் கையை நினைத்துப் பார்த்தால் போதும், மறக்க மாட்டோம்.

நோட்டு வந்த கதையைச் சொல்ல வேண்டும். முதல் சில வாரங்கள் நான் எதையும் எழுதி வைக்கவில்லை. நாளுக்கு இரண்டு ஊசி, இதை மறக்கவா போகிறோம் என்ற நம்பிக்கை. 20-ஆவது வாரத்தில் ஓர் இரவு. ஊசி நேரத்தில் ஒரு போன் வந்தது, முக்கால் மணி நேரம் பேசினேன். பேசி முடித்ததும் மனம் வெறுமையாக இருந்தது. போட்டேனா, போடவில்லையா? வயிற்றைப் பார்த்தால் பத்து இடத்தில் புள்ளி. டப்பாவைக் குலுக்கினால் ஐம்பது சிரிஞ்சு. கணவர் "போட்ட மாதிரிதான் ஞாபகம்" என்றார், ஆனால் அவருக்கும் உறுதியில்லை. போடாமல் விட்டால் கட்டி வளர்ந்துவிடுமோ, இரண்டாவது முறை போட்டால் எங்காவது ரத்தம் கசிந்துவிடுமோ. மருத்துவமனைக்குப் போன் செய்தேன். போட்டோமா என்று சந்தேகம் இருந்தால் மறுபடி போட வேண்டாம், காலையில் வழக்கமான நேரத்துக்கு வழக்கமான அளவை மட்டும் போடுங்கள், விட்டதற்கு ஈடு என்று இரண்டாகப் போடாதீர்கள் என்றார்கள். அளவு கூடிவிட்டால் முறிக்க ப்ரோட்டமின் என்று ஒரு மருந்து உண்டு, ஆனால் எனாக்ஸாபாரினை அது முழுதாக முறிக்காது என்று பிறகு தெரிந்துகொண்டேன். மறுநாள் காலை நோட்டை எடுத்தேன். பழைய சீட்டுகளையும் டப்பாவிலிருந்த சிரிஞ்சுகளையும் வைத்து விட்டுப்போனதை எண்ணி நிரப்பினேன். அதன்பின் ஊசி போட்ட கையோடு எழுதாமல் எழுந்ததே இல்லை.

28-ஆவது வாரத்தில், ஊசி போட்டு நான்கு மணி நேரம் கழித்து ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். பத்தாம் காரணி எந்த அளவுக்கு அடங்கியிருக்கிறது என்று பார்க்கும் சோதனை. கர்ப்பத்தில் எடை கூடுகிறது, சிறுநீரகமும் வேகமாக வேலை செய்து மருந்தைச் சீக்கிரம் வெளியேற்றுகிறது, அதனால் பழைய அளவு போதாமல் போகலாம். எல்லா மருத்துவர்களும் இந்தச் சோதனையை வழக்கமாக எடுப்பதில்லை, என் மருத்துவர் எடுத்தார். இருக்க வேண்டியது 0.6-லிருந்து 1 வரை, எனக்கு அதற்குக் கீழே இருந்தது. எடையும் 71 கிலோ ஆகியிருந்தது. அளவை 70 மில்லிகிராம் ஆக்கினார்கள். 70 என்று தனி சிரிஞ்சு எனக்குக் கிடைக்கவில்லை, 80 சிரிஞ்சில் கோடு பார்த்துக் கூடுதலை வெளியேற்ற வேண்டும். இங்கேதான் கவனம் தேவை: ஊசியைக் கீழ்நோக்கிப் பிடித்தால் குமிழி மேலே தண்டுப் பக்கம் போய்விடும். அப்படியே மெதுவாக அழுத்திக் கூடுதல் மருந்தை மட்டும் வெளியேற்ற வேண்டும். முதல் தடவை நர்ஸ் முன்னால் செய்து காட்டச் சொன்னார்கள், அது நல்லதாகப் போயிற்று. எனாக்ஸாபாரின் சேர்ந்த ஹெப்பாரின் வகையில் வேறு ஊசிகளும் உண்டு, டால்டபாரின், டின்ஸாபாரின் போன்றவை. எண்ணுக்கு எண் அவற்றை மாற்றிப் போட முடியாது. கடையில் வேறு பெயரில் ஏதாவது கொடுத்தால், மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

நடு இரவில் தூக்கம் வராதபோது இந்த மருந்தின் வரலாற்றைப் படித்தேன். 1916-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் ரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தேடப் போய், நாயின் கல்லீரலில் உறையவிடாத பொருளைக் கண்டாராம். அவருடைய பேராசிரியர் வில்லியம் ஹவல் 1918-இல் வைத்த பெயர்தான் ஹெப்பாரின், கிரேக்கத்தில் ஹெப்பார் என்றால் கல்லீரல். இன்று அது பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது, அதைச் சின்னத் துண்டுகளாக உடைத்தால் எனாக்ஸாபாரின். நம்பிக்கை காரணமாகப் பன்றிப் பொருளைத் தவிர்ப்பவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு மருத்துவரிடம் பேச வேண்டும். அதைச் சொல்லாமல் போடுவது சரியில்லை என்பது என் கருத்து. 2008-இல் ஹெப்பாரின் மூலப்பொருளில் ஹெப்பாரின் போலவே தோன்றும் வேறொரு பொருள் கலந்து, ஒவ்வாமையால் பலர் இறந்தார்கள். சோதனை முறைகள் அதன்பின் கடுமையாக்கப்பட்டன. இதைப் படித்த இரவு, அடுத்த ஊசியின் பெட்டியில் தொகுதி எண்ணையும் நோட்டில் குறித்தேன். அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் பற்றியும் சொல்ல வேண்டும். ஹெப்பாரின் வகை மருந்துகள் சிலருக்குத் தட்டணுக்களைத் திடீரென்று குறைத்துவிடும். பெரும்பாலும் தொடங்கிய ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள். தட்டணு குறைந்தால் ரத்தம் ஒழுகும் என்றுதான் நினைப்போம், இதில் தலைகீழாகப் புதிய கட்டிகள் வரும். எனாக்ஸாபாரினில் இது அரிது, ஆனாலும் எனக்கு முதல் இரண்டு வாரம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முன்பு எப்போதாவது ஹெப்பாரினால் உங்களுக்கு இப்படி ஆகியிருந்தால், கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, இருமினால் ரத்தம் என்றால் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். மலம் தார்போலக் கறுப்பாகப் போவது, சிறுநீரில் ரத்தம், நிற்காத மூக்கு ரத்தம், இதுவரை வராத கடுமையான தலைவலி என்றால் உள்ளே எங்கோ ரத்தம் கசியலாம். விழுந்து தலையில் அடிபட்டால் வெளியே காயம் இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். இவற்றைக் கணவருக்கும் அம்மாவுக்கும் சொல்லி வைத்தேன். ஏனென்றால் ஆபத்து வரும்போது நான் பேசும் நிலையில் இல்லாமல் போகலாம்.

பிரசவத்துக்கு 39-ஆவது வாரத்தில் தேதி குறித்திருந்தார்கள். அதற்கு 24 மணி நேரம் முன்பே ஊசியை நிறுத்துவது திட்டம். பிரசவ வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் எபிடூரல் ஊசியின்போது ரத்தம் உறையாத நிலை இருந்தால், முதுகுத்தண்டைச் சுற்றி ரத்தம் தேங்கிக் கால்களே செயலிழந்து போகக்கூடும். சிகிச்சை அளவில் போடுபவர்களுக்கு 24 மணி நேரம், தடுப்பு அளவில் போடுபவர்களுக்கு 12 மணி நேரம் இடைவெளி வேண்டும். "வலி தொடங்கின மாதிரி இருந்தா அடுத்த ஊசியைப் போடாதீங்க, முதல்ல போன் பண்ணுங்க" என்று சொல்லியிருந்தார்கள்.

குழந்தை நாங்கள் குறித்த தேதியைக் கேட்கவில்லை. நான்கு நாள் முன்னால், இரவு ஊசி நேரத்துக்குச் சற்று முன், இடுப்பைச் சுற்றி ஒரு பிடிப்பு. பத்து நிமிடம் கழித்து இன்னொன்று. சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். மருத்துவமனையில் மயக்க மருந்து மருத்துவர் வந்தார். பெயர் கேட்கவில்லை, எத்தனையாவது குழந்தை என்று கேட்கவில்லை. "கடைசி ஊசி எத்தனை மணிக்கு?" என்றார். வலிக்கு நடுவில் நோட்டை நீட்டினேன். காலை 8.20, வலது, 70 மில்லிகிராம். அவர் நோட்டையும் கடிகாரத்தையும் பார்த்துவிட்டு, நாளை காலை 8.20-க்கு அப்புறம்தான் எபிடூரல் என்றார். அந்த இரவு நீளமான இரவு. வேறு வலி மருந்துகள் தந்தார்கள், கணவரின் கை வீங்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். காலை 8.40-க்கு முதுகில் ஊசி இறங்கியது. மதியம் மகள் பிறந்தாள்.

எபிடூரல் குழாயை எடுத்த உடனேயும் இந்த ஊசியைப் போட மாட்டார்கள். குறைந்தது நான்கு மணி நேரம் விட வேண்டும். எனக்கு ரத்தப்போக்கு அடங்குவதைப் பார்த்துவிட்டு மறுநாள்தான் தொடங்கினார்கள். அதுவரை கால் மரத்துப் போகிறதா, முதுகு வலிக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

அன்று மாலை நடந்ததை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. சுற்றுக்கு வந்த ஓர் இளம் மருத்துவர், எல்லாத் தாய்மார்களுக்கும் எழுதுவதுபோல எனக்கும் டைக்ளோஃபெனாக் எழுதிவிட்டுப் போனார். இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போன்றவை ரத்தப்போக்கைக் கூட்டும், எனாக்ஸாபாரினோடு மருத்துவர் யோசித்துச் சொன்னால் தவிர சேரக் கூடாது. மாத்திரை என் கையில் இருந்தது. தண்ணீரும் கையில் இருந்தது. நான் நர்ஸிடம் நோட்டைக் காட்டி, "நான் ரத்தம் உறையாம இருக்க ஊசி போடறேன், இதைச் சாப்பிடலாமா?" என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. மாத்திரையை வாங்கிக்கொண்டு போய், பாராசிட்டமால் கொண்டுவந்தார். அந்த இளம் மருத்துவர் வந்து மன்னிப்புக் கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, முப்பது பேரைப் பார்த்துக் களைத்திருந்தார். ஆனால் அந்த ஒரு கேள்வியை நான் கேட்காமல் விட்டிருந்தால்? பல் மருத்துவரிடம் போனாலும், சளிக்கு மருந்து வாங்கினாலும், முதல் வாக்கியமாக இதைச் சொல்லிவிடுங்கள்.

பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் தொடர்ந்தது. பாலூட்டலாம், குழந்தைக்கு அதனால் ஒன்றும் ஆகாது என்றார்கள். ஒரு கையில் மகளை அணைத்துக்கொண்டு மறு கையால் போட முடியாது, அதனால் அந்த ஆறு வாரமும் கணவர்தான் போட்டுவிட்டார். அவர் கை என் கையைவிட மென்மை, கன்றலே இல்லை.

கடைசி வரியில் இருப்பது: இரவு 9.10, இடது. அதற்குக் கீழே என் மருத்துவர் சொன்னதைக் குறித்திருக்கிறேன். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எனக்கு இனி கூடாது. நீண்ட பயணம், அறுவை சிகிச்சை எதுவானாலும் முன்பே சொல்ல வேண்டும். மறுபடி கர்ப்பமானால் தெரிந்த அன்றே வந்துவிட வேண்டும், கட்டி வருமுன் தடுப்பு அளவில் ஊசியைத் தொடங்க. நோட்டில் இன்னும் நிறையப் பக்கங்கள் காலியாக இருக்கின்றன. மகளின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.